கங்கையம்மன் மண்டபத்தில் ஒரு ஜெபம்

சாத்தானை நான் முதன்முதலில் மனதில் வரைந்துகொண்டபோது அவனுக்குக் கொம்பும் இல்லை, வாலும் இல்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பெரிய மோட்டார் சைக்கிளில் வந்து, ஏரிக்கரைமேல் வண்டியை நிறுத்திவிட்டு, நடவு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிற ஆள் மாதிரி இருந்தான். இதற்கு சண்டே ஸ்கூல் அக்காதான் பொறுப்பு. கர்த்தர் திரும்பி வருகிற வரைக்கும் இந்த உலகம் சாத்தானின் பிடியில்தான் இருக்கும் என்று அவள் சொன்னாள். நான் கையைத் தூக்கி, உத்திரமேரூருமா என்று கேட்டேன். அதுவும்தான் என்றாள். பஸ் ஸ்டாண்டு? அதுவும். ஏரி? அதுவும்.

எங்கள் காலனியில் பிறந்த பிள்ளைக்கு இதில் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. கண்ணுக்கு எட்டிய நிலமெல்லாம் வேறு யாரோ ஒருவருடையது, அதில் நம் ஆட்கள் போய் வேலை செய்துவிட்டு வருகிறார்கள் என்பது நடக்கப் பழகும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த யாரோ ஒருவருக்கும் மேலே ஒருத்தன் இருக்கிறான், அவன் பெயர் சாத்தான் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன். அவ்வளவுதான்.

ஆனால் நைனாவுக்கு அது அப்படி லேசான விஷயமாக இல்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். உத்திரமேரூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிற வேலை அவருக்கு. தோளில் ஒரு நெல் மூட்டை இருந்தால்கூட நிமிர்ந்து நடப்பார். அப்படிப்பட்டவர் சாத்தான் என்ற பெயரைக் கேட்டால் மட்டும் குரலைத் தணித்துக்கொள்வார். சமையல்கட்டுக்குப் பின்னால் பாம்பு இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்வார், பக்கத்தில் நிற்பவர்களைக் கொஞ்சம் விலக்கி நிறுத்திவிட்டு.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பிரசங்கியார் எங்கள் பக்கம் வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, குழல் விளக்கு கட்டி, கன்வென்ஷன் நடந்தது. சாத்தான் எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறான் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். டிவியில், சினிமாப் பாட்டில், செல்போனில், வாசலில் கட்டுகிற எலுமிச்சம்பழத்தில், கோயில் பிரசாதத்தில். மறுநாளே எங்கள் வீட்டு டிவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டிவி. தூக்கிப் போட நைனாவுக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, அரிசி டின்னுக்கு மேல் வைக்கிற சாமான்களை எடுத்து அதன்மேல் வைத்தார்.

டிவி போனதில்கூட எங்களுக்குப் பெரிய வருத்தம் இல்லை. எதிர்வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். சிக்கல் அந்த எதிர்வீட்டில்தான் இருந்தது.

எதிர்வீடு என் பெரியம்மாவுடையது. அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. பெரியப்பாதான் காலனி கங்கையம்மன் கோயிலுக்குப் பூசாரி. வாரத்தில் எல்லா நாளும் செங்கல் சூளையில் கல் அறுப்பார். சாயங்காலம் குளித்துவிட்டு, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, அம்மனுக்கு விளக்கு ஏற்றப் போவார். நைனாவும் அவரும் ஒருவரை ஒருவர் சகலை என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள், வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஒரு வீட்டில் ஸ்தோத்திரம், எதிர்வீட்டில் உடுக்கை. நடுவில் ஒரு முருங்கை மரம். காலனியில் இதை யாரும் அதிசயமாக நினைத்ததில்லை.

அந்த ஆடி மாதம் பெரியம்மா வழக்கம்போல ஒரு குண்டான் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். நைனா வாசலிலேயே எழுந்து நின்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். “அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. படையல் வெச்சது இனிமே எங்க வூட்டுக்கு வாணாம்.”

பெரியம்மா குண்டானை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. நைனா மில்லுக்குப் போன பிறகு அக்காவும் தங்கையும் முருங்கை மரத்தடியில் நின்று பேசிக்கொள்வார்கள், ஏதோ எல்லையில் நிற்கிற மாதிரி. பெரியப்பாவிடம் யாரோ இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். “சகலைக்கும் எங்க அம்மனுக்கும் ஏதோ மனஸ்தாபம். அவங்க பேசித் தீத்துக்குவாங்க. நடுவுல நான் எதுக்கு?”

கார்த்திகை மாதம் புயல் வந்தது. மழை விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு மண்சுவர், மேலே பனைமரத்தை அறுத்த பனங்கை வைத்துக் கூரை. சுவர் அடியிலிருந்து ஈரம் ஏறி, தொட்டால் விரல் உள்ளே போகிற அளவுக்கு ஊறிவிட்டது. ஒருநாள் மத்தியானம் அம்மா அடுப்பில் உலை வைத்திருந்தாள். மேற்குச் சுவர் அவசரமே இல்லாமல், உட்காருகிற மனிதனைப் போல மெதுவாகக் கீழே உட்கார்ந்தது. கூரை சரிந்து அதன்மேல் சாய்ந்தது. நைனா தம்பியைத் தூக்கிக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். அம்மா பின்னால் வந்தாள். டிவி உள்ளேயே இருந்துவிட்டது.

நைனா நேராக எங்கள் சபைக்குத்தான் போனார். சபை என்றால் நாலு தூணும் சிமெண்ட் ஷீட்டும். அந்த ஷீட் காற்றில் பறந்து பக்கத்து வயலில் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்றால் ஓடை ரோட்டுக்கு மேலே ஏறி, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. காலனியில் தளம் போட்ட கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கங்கையம்மன் கோயிலுக்கு முன்னால் இருந்த மண்டபம். காலனி சனம் முழுவதும் அதற்குள் இருந்தது. பாய், பாத்திரம், கோழிக்கூடை, ஆட்டுக்குட்டி எல்லாம் இருந்தன. எங்கள் சபைக்கு வருகிற மற்ற குடும்பங்களும் ஒரு மூலையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தன.

தம்பிக்கு இரண்டு வயது. பனி பட்டாலே அவனுக்கு வீசிங் வந்துவிடும். அன்று நனைந்ததில் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா மண்டபத்தைப் பார்த்தார். அம்மா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. அவர் கையிலிருந்து தம்பியைப் பிடுங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெரியம்மா எழுந்து வந்து, தன் புடவையால் தம்பியின் தலையைத் துடைத்தாள்.

நைனா போகவில்லை. மண்டபத்துக்கு எதிரே இருந்த புளியமரத்தடியில், உரச் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சாத்தான் உட்காருகிற இடத்துக்குள் நைனா போகாதபோது நான் மட்டும் எப்படிப் போவது? சண்டே ஸ்கூலில் மனப்பாடத்துக்கு முதல் பரிசாக சோப்பு டப்பா வாங்கியவள் நான். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள், வரமாட்டேன் என்று தலையாட்டினேன். எனக்குப் பல் அடித்துக்கொண்டது. பெருமையாகவும் இருந்தது.

உள்ளேயிருந்து ஒருவன் சத்தமாகச் சொன்னான். “இன்னாபா, உங்க சாமி குடை குடுக்கலியா?” கொஞ்சம் பேர் சிரித்தார்கள். பெரியப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. பிறகு அவர் எழுந்து, தலையில் ஒன்றும் போடாமல், மழையில் இறங்கி எங்களிடம் வந்தார்.

உள்ளே வா என்று கூப்பிடத்தான் வருகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நைனா எப்படி மறுக்கப்போகிறார் என்று ஆவலாகவும் இருந்தேன். பெரியப்பா கூப்பிடவே இல்லை. நைனா பக்கத்தில் வந்து, அவரும் மரத்தில் சாய்ந்துகொண்டு நின்றார்.

“எந்தப் பக்கம் வுழுந்துச்சு?”

“மேக்கால.”

“பனங்கையெல்லாம் ஒடஞ்சிதா?”

“ரெண்டு ஒடஞ்சிருக்கும். மத்தது நல்லாதான் கீது.”

“வெயிலு வரட்டும். சூளையில ஒட கல்லு கெடக்குது. இந்த வாட்டி கல்லு வெச்சே கட்டிடலாம்.”

உடைந்த கல், சுண்ணாம்பு, பனங்கை என்று இரண்டு பேரும் கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. அவர் துடைக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பெரியவர்களுக்கு எப்போது எதைப் பேசவேண்டும் என்று தெரிவதில்லை என்று நினைத்தேன்.

“நீங்க உள்ள போங்க சகலை. நனையிறீங்க.”

“போவலாம்.” பெரியப்பா அசையவில்லை.

அப்போதுதான் பெரியம்மா மண்டபத்து விளிம்புக்கு ஓடிவந்தாள். கூழைத் திருப்பிக் கொண்டுபோன நாளுக்குப் பிறகு அவள் நைனாவிடம் நேராகப் பேசியது அன்றுதான். “புள்ளைக்கு மூச்சு இழுக்குது. விலா எலும்பு உள்ள போயி வருது. நீங்க ரெண்டு பேரும் அங்க நின்னுக்கினு இன்னா பண்றீங்க?”

நைனா ஓர் அடி எடுத்து வைத்தார். நின்றுவிட்டார். அவர் பிடியில் என் விரல்கள் வலித்தன. “ஜெபம் பண்ணணும்,” என்றார். “அவன் நெஞ்சு மேல கை வெச்சு பண்ணணும்.”

“புள்ளைய மழையில தூக்கிக்கினு வர முடியாது. நீதான் போவணும்,” என்றார் பெரியப்பா.

“அங்க எப்புடி சகலை? தெரிஞ்சிக்கினே கேக்கறீங்களே.”

பெரியப்பா மரத்திலிருந்து நிமிர்ந்தார். பிறகு மண்டபத்துக்குள் போனார். மழை இருட்டுக்காக அம்மன் முன்னால் பகலிலேயே ஏற்றி வைத்திருந்த விளக்கை அமர்த்தினார். திரையை இழுத்துவிட்டார். கருவறையின் இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டார். உச்சிப் பொழுது தாண்டி, இன்னும் விளக்கு ஏற்றுகிற நேரம்கூட வராத சமயத்தில் பூசாரி நடை சாத்தினால் யாருக்குத்தான் புரியும்? அவர் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் திரும்பி மழைக்குள் வந்து, சாவியை நைனாவின் உள்ளங்கையில் வைத்தார்.

“நீயே வெச்சிக்கோ. நீ திரும்பிப் போவும்போது குடு, போதும். உள்ள போயி உன் சாமிய எவ்ளோ நேரம் கூப்புடணுமோ கூப்புடு. எவனும் வாயத் தொறக்க மாட்டான்.”

நைனா அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் வழிந்தது மழைத்தண்ணீரா கண்ணீரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, கொங்காணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போனார்.

எனக்கு ஏற்பட்ட பயத்தையும் பெருமையையும் எப்படிச் சொல்வது! உத்திரமேரூரையும் பஸ் ஸ்டாண்டையும் ஏரியையும் தன் பிடியில் வைத்திருப்பவன் அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் பூட்டப்பட்டிருக்கிறான். சாவி என்னிடம் இருக்கிறது. இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நானும் உள்ளே போய், கருவறைக்கு எவ்வளவு தூரத்தில் உட்கார முடியுமோ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தேன்.

நைனா தம்பியின் நெஞ்சில் கை வைத்து ஜெபம் செய்தார். பெரியப்பா, “சகலை ஜெபம் பண்றாரு, சத்தம் போடாதீங்க,” என்று சொல்லிவிட்டு ஓரமாகக் கைகட்டி நின்றார். ஆட்டுக்குட்டி மட்டும்தான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நைனாவின் ஜெபம் எங்களுக்கு மனப்பாடம். எங்கே தொடங்கினாலும் கடைசியில் சாத்தானிடம்தான் வந்து நிற்கும். அவனைப் பெயர் சொல்லி அதட்டி, காலைத் தரையில் உதைத்து, இந்த இடத்தை விட்டு இப்போதே போ என்று சொன்ன பிறகுதான் ஆமென். சோற்றுத் தட்டின் முன்னால்கூட அப்படித்தான். அந்த இடம் வருவதற்காக நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். வரவில்லை. “அப்பா, என் புள்ளைக்கு மூச்சு குடு. இங்க தங்கிக்கீறவங்க அல்லாருக்கும் நல்லது பண்ணு. கதவத் தொறந்துவுட்டவங்கள ஆசீர்வதி,” என்று சொல்லி முடித்துவிட்டார். பிறகு முதல் ஆமென் பெரியம்மாவிடமிருந்து வந்தது. அதை எந்த இடத்தில் சொல்லவேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

நைனா ஏன் சாத்தானை விரட்டவில்லை என்பதற்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பூட்டி வைத்தவனைப் போ என்று சொன்னால் அவன் எந்த வழியாகப் போவான்? கதவைத் திறந்தல்லவா விடவேண்டும். நைனா யோசித்துத்தான் செய்திருக்கிறார் என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற நேரத்தில் வயதான ஒருவர் முணுமுணுத்தார். அம்மனை இருட்டில் வைக்கலாமா, ஊருக்கு ஆகுமா என்றார். பெரியப்பா தம்பிக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தார். “அவளும் புள்ள பெத்தவதான். ஒரு நாளு பொறுத்துக்குவா,” என்றார், தலையைத் தூக்காமலே. பெரியம்மா தம்பியைத் தன் மார்பில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் ஓடை கொஞ்சம் வடிந்ததும் டிராக்டரில் போட்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டு, மூக்கில் ஆவி வைத்தார்கள். தம்பி அழுதான். அவ்வளவு சத்தமாக அழ அவனுக்கு மூச்சு இருந்ததைப் பார்த்து அம்மா சிரித்தாள்.

சபைக்குப் புது ஷீட் போட்ட பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்கிற நேரத்தில் நைனா தானாகவே எழுந்தார். விக்கிரகக் கோயிலுக்குள் போய் ஜெபம் செய்தார் என்று ஏற்கெனவே சபையில் பேச்சு இருந்தது. “என் சகலை அவங்க சாமிய பூட்டி சாவிய என் கையில குடுத்தாரு. கர்த்தர் என் புள்ளைய காப்பாத்துனாரு. ரெண்டும் உண்மை. எனுக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, ஸ்தோத்திரம் என்றார். சபையும் ஸ்தோத்திரம் என்றது. வெயில் வந்ததும் சூளையிலிருந்து கல் வந்தது. பெரியப்பாவும் நைனாவும் சேர்ந்து சுவர் எழுப்பினார்கள். பெரியம்மா எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். கூழ் மட்டும் கடைசி வரை வரவில்லை. அவளும் கொண்டுவரவில்லை, நைனாவும் கேட்கவில்லை. அடுத்த ஆடியிலிருந்து படையலுக்கு எடுக்கும் முன்பே ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பை எங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்தாள். நைனா அதை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது நான் செங்கல்பட்டில் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்ய நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்தார்கள். நைனாதான் கூட வந்து, கையைப் பிடித்து ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை நடத்திக்கொண்டு போனார். அம்மாவும் வந்திருந்தாள்; வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் அவளிடம் அந்த மழையைப் பற்றிப் பேச்செடுத்தேன். பெரியப்பா ஏன் அவ்வளவு நேரம் உள்ளே வா என்று ஒரு வார்த்தை கூப்பிடாமல் நனைந்துகொண்டு நின்றார் என்று கேட்டேன்.

அம்மா அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நைனா பயங்கரமாகக் குடிப்பாராம். எனக்கு நினைவு தெரிந்த நாளில் நைனாவிடம் வியர்வை வாசமும் தவிட்டு வாசமும் தவிர வேறு வாசமே வந்ததில்லை. அந்த நாட்களில் ரோட்டில் விழுந்து கிடந்தவரை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவது பெரியப்பாதானாம். அம்மனிடம் வேண்டினார், கயிறு கட்டினார், கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினார். எதிலும் குடி நிற்கவில்லை. ஒருநாள் காலையில் நைனாவைக் குளிக்க வைத்து, தன் சட்டையைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்துச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். “எங்க அம்மன்கிட்ட கேட்டுப் பாத்துட்டேன் பாஸ்டர், நடக்கல. நீங்க உங்க சாமிகிட்ட கேட்டுப் பாருங்க,” என்று சொல்லி விட்டுவிட்டு வந்தவர் கங்கையம்மன் கோயில் பூசாரி. பாஸ்டர் நைனாவிடம், உன்னைப் பிடித்திருப்பது சாத்தான், அவனிடமிருந்து உன்னை மீட்க முடியும் என்று சொன்னார். அன்றைக்கு நிறுத்தியதுதான்.

மற்றவர்களுக்குச் சாத்தான் கேள்விப்பட்ட பெயர். நைனாவுக்கு அவன் கூடவே குடியிருந்துவிட்டுப் போனவன். எந்தச் சந்து வழியாகத் திரும்பி வருவான் என்று தெரியாமல்தான் அவர் டிவியைத் திருப்பி வைத்தார், கூழை வேண்டாம் என்றார், மரத்தடியில் நின்றார்.

அன்று மழையில் நனைந்துகொண்டு நின்ற இரண்டு பேரில் ஒருவர் சாத்தானுக்குப் பயப்படுகிறவர், இன்னொருவர் பயப்படாதவர் என்று எட்டு வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் இருந்தது அவன் நைனாவிடம் திரும்பி வந்துவிடுவானோ என்ற ஒரே பயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.